ரோபோ செல் பாதுகாப்புத் தணிக்கை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

பாதுகாப்புத் தணிக்கை என்று ரோபோ செல்லுக்கு, அதாவது தொழிற்சாலையில் ரோபோவும் அதன் துணைக் கருவிகளும் இயங்கும் பகுதிக்கு, போகும் பலர் செய்துவிட்டு வருவது இருப்புக் கணக்கெடுப்புதான். வேலி இருக்கிறதா, இருக்கிறது. கேட்டைத் திறந்தால் ரோபோவை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்ச் இருக்கிறதா, இருக்கிறது. சிவப்புப் பொத்தான் இருக்கிறதா, அதுவும் இருக்கிறது. மூன்று டிக், ஒரு கையெழுத்து, முடிந்தது. அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா, செய்தாலும் ஆட்கள் அதை வேலை செய்ய விடுகிறார்களா, விடவில்லை என்றால் ஏன் என்பதெல்லாம் தாளில் எங்கும் வராது. ஆனால் விபத்து நடப்பது அங்கேதான்.

அதனால் இங்கே செக்லிஸ்ட் தரவில்லை. செல்லுக்கு முன்னால் நின்றால் கண்ணில் படும் அறிகுறிகள், அவற்றுக்குப் பின்னால் வழக்கமாக இருக்கும் காரணங்கள், எப்படிச் சோதிப்பது, எதை மாற்றச் சொல்வது, இவ்வளவுதான். உங்களுக்குத் தேவையான அறிகுறிக்கு நேராகப் போய்க்கொள்ளலாம்.

போகும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: செல்லுக்கான இடர் மதிப்பீடு, ரோபோ தயாரிப்பாளர் தந்த நிறுத்த நேர அட்டவணை, கன்ட்ரோலரில் இருக்கும் சேஃப்டி அமைப்பின் பிரிண்ட், கடைசிச் சில வாரங்களின் அலாரம் லாக். நான்கில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அலாரம் லாக்கைப் படியுங்கள், மற்ற மூன்றும் சொல்லாததை அது சொல்லும். செல் எந்தத் தரநிலைப் பதிப்பின்படி கட்டப்பட்டது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 10218 என்ற சர்வதேசத் தரநிலையின் முதல் பகுதி ரோபோவைப் பற்றியது, இரண்டாம் பகுதி ரோபோவை வைத்து அமைக்கும் முழு செல்லைப் பற்றியது. இன்று ஓடும் செல்கள் பல 2011 பதிப்பைப் பார்த்துக் கட்டியவை, 2025-ல் இரண்டு பகுதிக்கும் புதிய பதிப்பு வந்துவிட்டது. எதை வைத்து அளக்கிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்காவிட்டால் கூட்டத்தில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: செல்லை முழுதும் மின்சாரம் துண்டித்துப் பூட்டாதவரை, எந்தச் சோதனையிலும் உடம்பின் எந்தப் பகுதியும் ரோபோ எட்டும் இடத்துக்குள் போகக் கூடாது. "கையை நீட்டிப் பார்க்கிறேன், நிற்கிறதா பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்திவிடுங்கள். சோதனைக் கோல் இருக்கிறது, அளவு நாடா இருக்கிறது, அவை போதும்.

அறிகுறி 1: கேட் திறந்திருக்கிறது, ரோபோ ஓடிக்கொண்டிருக்கிறது

இதை நேரில் பார்ப்பது அபூர்வம், ஏனென்றால் தணிக்கை என்று தெரிந்த நாளில் யாரும் கேட்டைத் திறந்து வைக்க மாட்டார்கள். அதனால் தடயத்தைத் தேட வேண்டும்.

முதலில் கேட்டின் நாக்கைப் பாருங்கள், அதாவது சுவிட்சுக்குள் நுழையும் அந்த உலோகத் துண்டை. தினமும் பலமுறை திறந்து மூடும் கேட்டில் அதன் ஓரங்கள் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். ரோபோ நாள் முழுக்க ஓடுகிறது, பொருள் சிக்கிக்கொண்டால் உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று ஆபரேட்டரே சொல்கிறார், ஆனால் நாக்கில் பெயின்ட் கூடக் கீறவில்லை என்றால், சுவிட்சுக்குள் போய்வருவது வேறொரு நாக்கு. மேசை இழுப்பறையிலோ கன்ட்ரோல் பெட்டியின் மேலோ அது கிடக்கும். காந்த வகைச் சுவிட்ச் என்றால் தனிக் காந்தம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், டேப்பை எடுத்துவிட்டாலும் பசை அடையாளம் அங்கேயே இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். நாக்கைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையையும் பாருங்கள், மழுங்கியிருந்தால் யாரோ அடிக்கடி கழற்றி மாட்டுகிறார்கள்.

அப்புறம் லாக். ஒரு ஷிஃப்டில் கிரிப்பர் (ரோபோ கையின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கருவி) பிடி தவறியதாகப் பல அலாரங்கள் இருக்கின்றன, அதே ஷிஃப்டில் கேட் திறந்த பதிவு ஒன்றுகூட இல்லை என்றால், கீழே விழுந்த பொருள் தானாக எழுந்து வெளியே வந்திருக்காது.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. இந்த இடத்தில்தான் நிறையத் தணிக்கைகள் தடம் மாறிப்போகின்றன. "ஆபரேட்டர் விதியை மீறினார், பயிற்சி தரவும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயிற்சி கொடுத்த மறுவாரமே நாக்கு திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அதைக் கொண்டுவந்த காரணம் அப்படியே இருக்கிறது. காரணம் வழக்கமாக இவற்றில் ஒன்றாக இருக்கும்: கேட்டைத் திறந்தால் ரோபோ நடுவழியில் நின்றுவிடுகிறது, மறுபடி தொடங்க வேண்டுமானால் பென்டன்ட்டை (ரோபோவை நேரடியாக ஓட்ட உதவும் கைக்கருவி) எடுத்துக் கையால் வீட்டு நிலைக்கு, அதாவது தொடக்க இடத்துக்கு, கொண்டுவர வேண்டும், அது தெரிந்தவர் அந்த ஷிஃப்டில் இல்லை. அல்லது சென்சார் ஒன்று அழுக்கானதால் அடிக்கடி நிற்கிறது, ஒவ்வொரு முறையும் உள்ளே போய்த் துடைக்க வேண்டும். அல்லது சற்றே தளர்ந்த கேட் அதிர்வில் ஆடி, மூடியிருக்கும்போதே ட்ரிப் ஆகிறது. அல்லது வெல்டிங் முனையை அருகில் நின்று பார்த்தால்தான் சரிசெய்ய முடியும், அதற்கான பயன்முறையை யாரும் அமைத்துத் தரவில்லை.

இவற்றில் எது என்று கேட்டறிவதுதான் தணிக்கையாளரின் வேலை, கேட்கும் தொனியும் முக்கியம். "யார் இதைச் செய்தது" என்று தொடங்கினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்த கேட்டைத் திறந்தால் திரும்ப ஓட்ட எவ்வளவு நேரம் ஆகிறது" என்று கேட்டுப் பாருங்கள், கதை முழுதும் வந்துவிடும்.

தீர்வு இரண்டு அடுக்கில் வர வேண்டும். காரணத்தைச் சரிசெய்வது முதல் அடுக்கு: தானாக வீட்டு நிலைக்குத் திரும்பும் நிரல், வெளியிலிருந்தே துடைக்கும்படி சென்சாரை இடம் மாற்றுவது, கேட் கீலைச் சரிசெய்வது. தளர்ந்த கேட்டுக்குச் சேஃப்டி நிபுணர் தேவையில்லை, ஒரு ஸ்பேனர் போதும். சுவிட்சை ஏமாற்ற முடியாதபடி செய்வது இரண்டாம் அடுக்கு. ஐஎஸ்ஓ 14119 இதற்கென்றே எழுதப்பட்டது: தனிக் குறியீடு பதிந்த நாக்கு, சாதாரணக் கருவியால் கழற்ற முடியாத திருகு, ஒளித்து அல்லது எட்டாத இடத்தில் பொருத்துவது. இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதை விட்டால் ஆட்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி கண்டுபிடிப்பார்கள். ஃபென்ஸ் பேனலின் போல்ட்டைக் கழற்றி அங்கே வாசல் வைத்துக்கொள்வது அதில் ஒன்று, அதனால் பேனல் போல்ட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

பல கேட்டுகளின் சுவிட்சுகள் தொடராக, அவற்றைக் கண்காணித்து ரோபோவை நிறுத்தும் ஒரே சேஃப்டி ரிலேக்குப் போகின்றன என்றால் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு சுவிட்சின் இரண்டு தனிச் சுற்றுகளில் ஒன்று, அதாவது ஒரு சேனல், பழுதாகி ரிலே அதைப் பிடித்துவிட்டாலும், வேறொரு கேட்டைத் திறந்து மூடினால் பழுது மறைந்து ரிலே மறுபடி சாதாரணமாகிவிடும். "இது சில சமயம் ரீசெட் ஆகாது, அந்தப் பக்கத்து கேட்டை ஒரு தடவை திறந்து மூடினால் சரியாகிவிடும்" என்று ஆபரேட்டர் சொன்னால் அது தந்திரம் இல்லை, பழுதின் அறிகுறி. உடனே அந்த வரிசையின் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: ரோபோ நிற்கிறது, ஆனால் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கிறது

லைட் கர்ட்டனை, அதாவது ஒளிக்கதிர்களால் ஆன திரையை, மறித்தால் ரோபோ நின்றுவிட்டது, டிக் போட்டாயிற்று. எங்கே நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை.

கணக்கு எளிமையானது. ஐஎஸ்ஓ 13855-ன் 2010 பதிப்புப்படி, மனிதர் நெருங்கும் வேகத்தை மொத்த நிறுத்த நேரத்தால் பெருக்கி, கர்ட்டன் உணரும் முன் கை எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்ற தூரத்தைக் கூட்டினால் கர்ட்டனுக்கும் ஆபத்துக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம் வரும். செங்குத்தான கர்ட்டனுக்கு நெருங்கும் வேகத்தை முதலில் வினாடிக்கு 2000 மி.மீ. என்று வைத்துப் பார்க்க வேண்டும், விடை 500 மி.மீ.க்கு மேல் வந்தால் 1600 என்று வைத்து மறுபடி போடலாம், ஆனால் முடிவு 500-க்குக் கீழே இறங்கக் கூடாது. கை உள்ளே போகும் அந்த ஊடுருவல் தூரம், கர்ட்டனின் பகுதிறனிலிருந்து (அது உணரக்கூடிய மிகச் சிறிய பொருளின் அளவு) 14-ஐக் கழித்து 8-ஆல் பெருக்கினால் வரும். இது 40 மி.மீ. வரையிலான பகுதிறனுக்கு.

ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். பகுதிறன் 30 மி.மீ. கர்ட்டன், ரிலே, ரோபோ எல்லாம் சேர்த்து நிறுத்த நேரம் 0.45 வினாடி. 2000-ஐ வைத்தால் 1028, எனவே 1600-க்குப் போகலாம்: 720 கூட்டல் 128, மொத்தம் 848 மி.மீ. கர்ட்டனை 850-ல் பொருத்தியிருக்கிறார்கள், சரிதான். பிறகு ஒரு நாள் கிரிப்பரை மாற்றுகிறார்கள், புதியது கனமானது, சுழற்சி நேரம் குறையட்டும் என்று வேகத்தையும் கூட்டுகிறார்கள். நிறுத்த நேரம் 0.55 ஆகிறது. இப்போது வேண்டியது 1008 மி.மீ. கர்ட்டன் அதே 850-ல்தான் இருக்கிறது. எந்த அலாரமும் வராது, எந்த விளக்கும் எரியாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "கர்ட்டன் வேலை செய்கிறதா" என்பதோடு நிற்கக் கூடாது. "கர்ட்டனைப் பொருத்திய பிறகு சுமை, வேகம், கருவி ஏதாவது மாறியதா" என்றும் கேளுங்கள். மாறியிருந்தால் நிறுத்த நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் அட்டவணை சுமை, வேகம், ரோபோ கை நீண்டிருக்கும் அளவு ஆகியவற்றுக்கு 33, 66, 100 சதவீதம் என்று பிரித்துத் தந்திருக்கும், மோசமான சேர்க்கையைத்தான் எடுக்க வேண்டும். கூடவே கர்ட்டனின் பதில் நேரம், சேஃப்டி பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் சுற்று நேரம், ரிலே தொடர்பைத் துண்டிக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்ட மறக்கக் கூடாது. அளந்துதான் பார்ப்போம் என்றால் நிறுத்த நேரம் அளக்கும் கருவி உண்டு, ஒரே ஒரு முறை அளந்து எழுதாமல் பலமுறை அளந்து மோசமானதை எடுங்கள். பிரேக் தேய்ந்திருந்தால் அட்டவணையைவிட அளவு அதிகமாக வரும், அது தனியாக ஒரு கண்டுபிடிப்பு.

பூட்டு இல்லாத சாதாரண இன்டர்லாக் கேட்டுக்கும் இதே தர்க்கம்தான். கேட்டை இழுத்துத் திறந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் ரோபோ நிற்காது என்றால், நின்ற பிறகே திறக்கும் பூட்டு வகை வேண்டும்.

அறிகுறி 3: வேலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கை உள்ளே போகிறது

இதற்கு அளவு நாடா போதும். ஐஎஸ்ஓ 13857 அட்டவணைப்படி 12-லிருந்து 20 மி.மீ. வரையிலான துளைக்குப் பின்னால் 120 மி.மீ. தூரம் போதும், 40-க்கு மேல் 120 மி.மீ. வரை போனால் தோள் வரை கை நுழையும் என்பதால் 850 வேண்டும். கவனிக்க வேண்டியது நீளமான பிளவு. 20-லிருந்து 30 மி.மீ. அகலம் என்றால் சதுரத் துளைக்கு 120 போதும், பிளவுக்கு அதே அகலத்துக்கு 850. பேனல்களுக்கு இடையே, தூணுக்கும் சுவருக்கும் இடையே, கன்வேயர் நுழையும் வாயைச் சுற்றி இருப்பவையெல்லாம் பிளவுகள்தான். 1400 மி.மீ.க்குக் கீழான வேலி தனியாக ஒரு பாதுகாப்பு ஆகாது. வேலியை ஒட்டி மரப்பலகை அடுக்கோ படிக்கட்டோ வைத்திருந்தால் வேலியின் உயரத்தை அங்கிருந்து அளங்கள்.

அறிகுறி 4: மேனுவல் பயன்முறையில் வேலை வேகமாக நடக்கிறது

வேகமாக நடக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள். மேனுவலில் குறைந்த வேகம் என்பது கருவி முனையில் வினாடிக்கு அதிகபட்சம் 250 மி.மீ. ஆள் கேட்டைத் திறந்து உள்ளே நின்று ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பிக்கும்போது அவரைக் காப்பது இந்த வேகக் கட்டுப்பாடும் பென்டன்ட்டின் பின்புறம் இருக்கும் மூன்று நிலைச் சுவிட்சும்தான், வேறெதுவும் இல்லை.

பெரும்பாலோர் டெட்மேன் என்று சொல்லும் அந்தச் சுவிட்சை மூன்று விதமாகவும் சோதியுங்கள். விட்டால் நிற்க வேண்டும், நடுவில் பிடித்தால் ஓட வேண்டும், இறுக்கி அழுத்தினாலும் நிற்க வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் சோதிப்பதில்லை, ஆனால் அது இருப்பதற்குக் காரணம் உண்டு: பயந்துபோன கை எப்போதும் விட்டுவிடாது, சில சமயம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறுக்கி நின்ற பிறகு மெதுவாக நடு நிலைக்கு விடுங்கள். அப்படி விடும்போது ரோபோ மறுபடி ஓடத் தொடங்கினால் சுவிட்ச் பழுது, பென்டன்ட்டை அன்றே வெளியே எடுங்கள்.

சுவிட்சைச் சுற்றி டேப் பசை, கேபிள் டை அழுந்திய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதல் அறிகுறியில் சொன்ன அதே கேள்விதான், ஏன். அநேகமாக நீண்ட கற்பித்தலில் விரல் வலித்திருக்கும். பென்டன்ட்டை மாட்டிவைக்க இடம் தருவது, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, இடது கைக்காரருக்கு ஏற்ற பென்டன்ட், இப்படிச் சின்ன விஷயங்களிலேயே தீர்ந்துவிடும்.

முழு வேக மேனுவல் சில கன்ட்ரோலர்களில் இருக்கிறது. அதை யார் திறக்க முடியும், சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி கன்ட்ரோலரிலேயே செருகியபடி இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. உள்ளே இரண்டு பேர் போகும் வேலை என்றால் இரண்டாமவருக்கும் தனியாக ஒரு மூன்று நிலைச் சுவிட்ச் வேண்டும், இருவரும் பிடித்தால்தான் ரோபோ அசைய வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது சுவிட்ச் ஆகாது. அப்புறம், பென்டன்ட் கையில் இருக்கும்போது லைன் பிஎல்சியிலிருந்து ரோபோவைத் தொடங்க முடிகிறதா என்று சோதியுங்கள், முடியக் கூடாது.

அறிகுறி 5: கேட்டை மூடியதும் ஏதோ ஒன்று அசைகிறது

ரோபோ அசையாவிட்டாலும் ஒரு கிளாம்ப் மூடுகிறது, ஒரு சிலிண்டர் பின்வாங்குகிறது, கன்வேயர் சற்று நகர்கிறது. "அது ரோபோ இல்லையே" என்பார்கள். விரல் நசுங்கினால் எதனால் நசுங்கியது என்பது பெரிய விஷயமா என்ன.

கேட்டை மூடுவது ஒரு செயல். ரீசெட் அழுத்துவது இன்னொன்று, அது செல்லைத் தயார் நிலைக்கு மட்டும்தான் கொண்டுவர வேண்டும். ஸ்டார்ட் மூன்றாவது. இந்த மூன்றில் எந்த இரண்டு ஒன்றாகக் கலந்திருந்தாலும் உள்ளே ஆள் இருக்கும்போது செல் உயிர்பெற வழி இருக்கிறது. சோதனை: செல்லைக் காலி செய்து, ஆட்டோவில் ஓடும்போது கேட்டைத் திறந்து நிறுத்துங்கள், மூடுங்கள், காத்திருங்கள். எதுவும் அசையக் கூடாது. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே கேட்டைத் திறந்து மூடுங்கள், அப்போதும் ரீசெட் ஆகக் கூடாது. பொத்தானை விடும் தருணத்தில் சிக்னல் மாறுவதைப் பார்த்துத்தான் ரீசெட் ஏற்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டால் அது தானியங்கி ரீசெட் ஆகிவிடும்.

இப்போது ரீசெட் பொத்தானின் இடத்தில் நில்லுங்கள். செல்லின் ஒவ்வொரு மூலையும் தெரிகிறதா? ஃபிக்ஸ்சருக்கு (பொருளைப் பிடித்து வைக்கும் சட்டம்) பின்னால், கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால், ரோபோ அடித்தளத்தின் மறுபக்கம்? உதவிக்கு வந்தவரை, முழுதும் மின்சாரம் துண்டித்துப் பூட்டிய செல்லுக்குள் போய்க் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நாளை ஷிஃப்ட் மாறும்போது வருபவருக்கும் தெரியாது. முழு உடம்போடு உள்ளே போகக்கூடிய எந்த செல்லிலும் இதைத் தவறாமல் செய்யுங்கள், நான் எங்கே போனாலும் முதலில் செய்யும் சோதனை இதுதான். மறைவு இருந்தால் வழிகள் உண்டு: உள்ளே இருப்பவரை உணரும் ஸ்கேனர், மறைவான இடத்தில் முதலில் அழுத்த வேண்டிய இரண்டாவது ரீசெட், உள்ளே போகிறவர் கையோடு எடுத்துப் போகும் சாவி. உள்ளேயிருந்து கை நீட்டி ரீசெட்டை அழுத்த முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அப்படியும் செல்கள் இருக்கின்றன. பூட்டும் கேட் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் சாவி இல்லாமல் திறந்து வெளியே வர வழி இருக்க வேண்டும்.

அறிகுறி 6: "ஆஃப் செய்துவிட்டோம்" என்கிறார்கள், ரோபோ கை மெல்ல இறங்குகிறது

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துவது ஆஃப் செய்வது ஆகாது. அதை வெளியே இருக்கும் யாரும் திருகி விடுவிக்கலாம். ரோபோவால் நடந்த மரணங்களில் ஆரம்ப காலப் பதிவு ஒன்று 1981-ஐச் சேர்ந்தது. ஜப்பானின் அகாஷியில் இருந்த கவாசாகி தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழிலாளி கெஞ்சி உராடா, ரோபோவை முழுதாக அணைக்காமல் அதன் எல்லைக்குள் இறங்கியபோது அதன் கை அவரைப் பக்கத்து இயந்திரத்தோடு சேர்த்துத் தள்ளியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டின் ஃபிளாட் ராக் வார்ப்பாலையில், பாகங்களை எடுக்க அடுக்குக்குள் ஏறிய ராபர்ட் வில்லியம்ஸ் இயங்கிக்கொண்டிருந்த இயந்திரக் கை மோதி இறந்தார். இரண்டிலும் ரோபோ தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்து அவரவர் பூட்டைப் போடுவதுதான் லாக்-அவுட். ரோபோ செல்லில் அதுவும் போதாது. காற்றழுத்தம் தனி, ஹைட்ராலிக் தனி, தூக்கி நிற்கும் கையின் எடை தனி, சமநிலை ஸ்பிரிங் தனி. சோதிக்கும் முறை: துண்டித்துப் பூட்டிய பிறகு பிரஷர் கேஜ் பூஜ்யத்துக்கு வருகிறதா, ஸ்டார்ட் அழுத்தினால் எதுவும் அசையாமல் இருக்கிறதா, கிரிப்பரில் பொருள் இருந்தால் அது விழுகிறதா. வெற்றிடத்தால் பிடிக்கும் கிரிப்பர் காற்று போனதும் விட்டுவிடும், அதனால் "காற்றை வெளியேற்று" என்று நடைமுறையில் எழுதும் முன் "பொருளை இறக்கி வை" என்று எழுத வேண்டும்.

கை இறங்குகிறது என்பது பிரேக். சர்வோவை (அச்சுகளை ஓட்டும் மோட்டார்களை) அணைத்ததும் இரண்டாம், மூன்றாம் அச்சுகளில் மார்க்கர் கோடு ஒன்று போட்டு, சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். கோடு விலகினால் பிரேக் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் கசிந்து பிரேக்குக்குள் போயிருக்கிறது. சில கன்ட்ரோலர்களில் பிரேக் சோதனை நிரல் உள்ளேயே இருக்கிறது, கடைசியாக எப்போது ஓட்டினார்கள் என்று கேளுங்கள். கைக்குக் கீழே நின்று செய்யும் வேலை ஏதாவது இருந்தால் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, முட்டுக்கொடுக்கும் ஏற்பாடு கட்டாயம்.

அறிகுறி 7: லைட் கர்ட்டன் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது

காரணமில்லாமல் எதுவும் ட்ரிப் ஆகாது. லென்சில் எண்ணெய்ப் படலம், அதிர்வில் சாய்ந்த தூண், தளர்ந்த கனெக்டர், வெல்டிங் வெளிச்சம், பக்கத்து கர்ட்டனின் கதிர், இவைதான் வழக்கமானவை. ட்ரிப் ஆகும் நேரத்தையும் அப்போது பக்கத்தில் நடந்த வேலையையும் சேர்த்து எழுதிவைத்தால் பெரும்பாலும் சிக்கிவிடும்.

இங்கே ஆபத்து ட்ரிப் இல்லை, ட்ரிப்பால் எரிச்சலடைந்தவர் செய்யும் ஏற்பாடு. பொருள் மட்டும் உள்ளே போகட்டும் என்று கர்ட்டனைத் தற்காலிகமாக மௌனமாக்கும் மியூட்டிங் சென்சார்கள் இருக்கும் இடங்களில், சென்சாருக்கு முன்னால் நிரந்தரமாக ஓர் அட்டை ஒட்டியிருக்கும். இரண்டு சென்சாரும் குறித்த நேர இடைவெளிக்குள், சரியான வரிசையில் மறிக்கப்பட்டால் மட்டுமே மியூட்டிங் வர வேண்டும், கூடுதல் நேரம் நீடித்தால் தானாக ரத்தாக வேண்டும். ஒரு சென்சாரை மட்டும் மறித்துப் பாருங்கள், ஒன்றும் நடக்கக் கூடாது. மியூட்டிங் நேரத்தில் பொருள் வரும் பலகைக்கும் கர்ட்டன் தூணுக்கும் இடையே ஆள் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்பதையும் அளங்கள்.

கர்ட்டனைக் கையால் மறித்துச் சோதிப்பது சோதனை அல்ல, கை எப்போதும் பகுதிறனைவிடப் பெரியது. கர்ட்டனோடு வந்த கோலை மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் கொண்டுபோங்கள்: அனுப்பியின் பக்கம், ஏற்பியின் பக்கம், நடுவில். வழியில் எங்கேயாவது விளக்கு பச்சைக்கு மாறினால் அங்கே பிரதிபலிப்போ இடைவெளியோ இருக்கிறது. கோல் தொலைந்துவிட்டது என்றால் தினசரிச் சோதனைத் தாளில் இருக்கும் டிக்குகளுக்கு என்ன பொருள் என்று கேட்கலாம்.

அறிகுறி 8: "இது கோபாட், வேலி தேவையில்லை"

கோபாட் என்பது மனிதரோடு சேர்ந்து வேலை செய்ய வடிவமைத்த ரோபோ கையின் பெயர், செல்லின் பெயர் இல்லை. கையின் நுனியில் கூர்மையான தகட்டை மாட்டினால் அது தகடு வீசும் இயந்திரம்தான். மோதும் விசைக்கு ஐஎஸ்ஓவின் 15066 தொழில்நுட்ப ஆவணம் 2016-ல் உடல் பகுதிவாரியாக எல்லை தந்தது, அதன் உள்ளடக்கம் 2025-ன் 10218 இரண்டாம் பகுதிக்குள் வந்துவிட்டது. நசுங்கும் வகைத் தொடுதலில் மனிதரின் கைக்கும் விரலுக்கும் 140 நியூட்டன், வயிற்றுக்கு 110, முகத்துக்கு 65. பெரும்பாலான பகுதிகளுக்குச் சட்டென்று மோதி விலகும் தொடுதலில் இது இரட்டிப்பாகும். முகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விசை மட்டுமல்ல, அழுத்தத்துக்கும் எல்லை உண்டு, கூர்முனை தோற்பது அங்கேதான்.

கேளுங்கள்: அளந்த அறிக்கை இருக்கிறதா? எந்தக் கருவியோடு, எந்தப் பொருளோடு, எந்த வேகத்தில் அளந்தது? அதற்குப் பிறகு எது மாறியது? தயாரிப்பாளரின் சான்றிதழை நீட்டினால் அது ரோபோ கைக்கு மட்டுமான சான்றிதழ் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஃபிக்ஸ்சருக்கும் கிரிப்பருக்கும் இடையே விரல் சிக்கும் அந்தச் சந்து.

அறிகுறி 9: சேஃப்டி அமைப்பின் செக்சம் பிரிண்ட்டோடு ஒத்துப்போகவில்லை

ரோபோவின் இடத்தையும் வேகத்தையும் கண்காணிக்கும் மென்பொருளுக்குத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பெயர் மாறும்: ஃபனுக்கில் டிசிஎஸ், ஏபிபியில் சேஃப்மூவ், குக்காவில் சேஃப்ஆபரேஷன், பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: ரோபோ போகக் கூடாத இடத்துக்குப் போகாமலும், குறித்த வேகத்தைத் தாண்டாமலும் காப்பது. அமைப்பு மாறினால் செக்சம் என்ற அதன் அடையாள எண்ணும் மாறும். ஒப்படைத்த நாளின் எண்ணும் இன்றைய எண்ணும் வேறாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், நல்ல காரணத்துக்காகவும் இருக்கலாம், ஆனால் மாற்றிய பதிவும் அதற்குப் பிந்தைய சோதனையும் இருக்க வேண்டும்.

எண் ஒத்துப்போனாலும் ஒரு பொறி உண்டு. அச்சுகளின் நிலையை அளக்கும் என்கோடரின் பேட்டரி தீர்ந்து, அந்த அளவின் தொடக்கப் புள்ளியான மாஸ்டரிங் போய், அவசரத்தில் கண்ணளவில் மறுபடி மாஸ்டர் செய்திருந்தால், கன்ட்ரோலர் நினைக்கும் இடமும் கை உண்மையில் இருக்கும் இடமும் வேறு. எல்லைக் கோடு மென்பொருளில் சரியாகவே இருக்கும், நிஜத்தில் நகர்ந்திருக்கும். அலாரம் லாக்கில் பேட்டரி எச்சரிக்கை இருந்தால் குறைந்த வேகத்தில் ரோபோவை எல்லை வரை ஓட்டி, அது நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வேலியை ரோபோவின் முழு வீச்சுக்குள்ளேயே நெருக்கமாகப் போட்டிருக்கும் செல்களில் இது உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் அங்கே வேலியைக் காப்பதே இந்த மென்பொருள்தான்.

அறிகுறி 10: போன தணிக்கையில் எழுதியதே இந்த முறையும் இருக்கிறது

இந்தக் கோளாறு செல்லில் இல்லை, அறிக்கையில் இருக்கிறது. "கேட் இன்டர்லாக் சரியில்லை, கவனிக்கவும்" என்று எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். "இரண்டாம் கேட்டில் தனி நாக்கு பயன்படுத்தப்படுகிறது, காரணம் பிடி தவறிய பிறகு ரோபோவைத் திரும்பக் கொண்டுவர நிரல் இல்லை, நிரல் எழுத வேண்டியவர் இன்னார், அதுவரை அந்த வேலையை லாக்-அவுட் போட்டே செய்ய வேண்டும், முடித்த பிறகு இன்ன சோதனை" என்று எழுதினால் நடக்கும். ஆபத்து, காரணம், பொறுப்பு, இடைக்கால ஏற்பாடு, மறுசோதனை, இவை ஐந்தும் ஒரே பத்தியில் இல்லாத கண்டுபிடிப்பை நான் அறிக்கையில் சேர்ப்பதில்லை. புகைப்படம் அனுப்பினால் மூடிவிடலாம் என்ற வழக்கத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், சுவிட்சின் படம் சுவிட்ச் வேலை செய்வதைக் காட்டாது.

சில கண்டுபிடிப்புகள் அறிக்கை வரை காத்திருக்கக் கூடாது. கேட் திறந்தும் நிற்காத ரோபோ, இறுக்கினால் நிற்காத பென்டன்ட், தானாக ரீசெட் ஆகும் செல், இறங்கும் கையின் கீழ் ஆள் நிற்கும் வேலை: இந்த நான்கில் எதைப் பார்த்தாலும் செல்லை அப்போதே நிறுத்தி, பூட்டுப் போட்டு, உற்பத்திப் பொறுப்பாளரை அங்கேயே வரவழைத்துக் காட்டுங்கள். அப்படி நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதைத் தணிக்கை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். லைன் நின்ற பிறகு அதைப் பேசினால் லைன்தான் ஜெயிக்கும்.